மேசை, நீலச் சுவர், ஆஸ்டன்: உள்ளூர்ச் செய்தியின் தோற்றத்தை யார் மாற்றினார்கள்?

கேள்வியைச் சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையங்களின் பழைய செய்திப் பதிவுகளை ஒருவர் ஆண்டு வரிசையில் பார்த்திருக்கிறார். 1960களில் ஒரு மேசை, பின்னால் ஒரு சுவர், ஓர் ஆள். 1980களில் பறக்கும் எழுத்துகளும் சுழலும் பெட்டிகளும். இப்போது சுவர் முழுக்கத் திரை, நின்றபடியே பேசும் வாசிப்பாளர். "இது ரசனை மாறியதால் வந்ததா, கருவி மாறியதால் வந்ததா? ஆயிரம் மைல் தள்ளியிருக்கும் நிலையங்கள்கூட ஏன் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கின்றன?" என்று கேட்கிறார்.

இரண்டு கேள்விகள் போலத் தெரிந்தாலும் அவர் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றைத்தான்: செய்தியின் தோற்றத்தை முடிவு செய்வது யார்? செய்தி கிராஃபிக்ஸ் அறையில் பதினெட்டு வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில் என் பதில் இது. பெரும்பாலும் கருவியின் குறைதான் முடிவு செய்கிறது. அந்தக் குறையைச் சமாளிக்க யாரோ ஓர் ஏற்பாடு செய்கிறார். பத்து வருடத்தில் குறை தீர்ந்துவிடும், ஏற்பாடு மட்டும் வழக்கமாகத் தங்கிவிடும். இன்றைய செய்தித் திரையில் நீங்கள் பார்ப்பவற்றில் பாதி அப்படித் தங்கியவை. ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். எழுத்தும் திரையும் என் கையில் புழங்கியவை, செட் கட்டுவதையும் லைட்டிங்கையும் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றேன். அமெரிக்க நிலையங்களில் வேலை செய்ததில்லை. அவற்றை எனக்குப் பதிவுகள் மூலமும் தொழில் இதழ்கள் மூலமும், அவர்கள் பயன்படுத்திய அதே இயந்திரங்களை நானும் ஓட்டியதன் மூலமும்தான் தெரியும்.

தொடக்கத்தில் முகம் வேண்டுமா என்பதே விவாதமாக இருந்தது. பிபிசி 1954 ஜூலையில் தொலைக்காட்சிச் செய்தியைத் தொடங்கியபோது வாசிப்பவர் திரையில் தெரியவில்லை. படங்களும் வரைபடங்களும் ஓட, பின்னால் குரல் மட்டும் கேட்டது. வாசிப்பவரின் புருவம் சற்று உயர்ந்தால்கூட நடுநிலை கெட்டுவிடும் என்று பயந்தார்கள். 1955 செப்டம்பரில்தான் முகம் வந்தது. அமெரிக்காவில் நிலைமை நேரெதிர். 1949-இல் என்பிசியில் தொடங்கிய செய்தி நிகழ்ச்சியின் பெயரிலேயே கேமல் சிகரெட் இருந்தது. விளம்பரதாரரின் பெயர் தெரிகிற ஆஷ்ட்ரே ஒன்று வாசிப்பாளரின் மேசையில் இருக்கும். செய்தியின் தோற்றம் என்ன பேசும் என்பது அன்றைக்கே இரு தரப்புக்கும் தெரிந்திருக்கிறது. ஒரு தரப்பு அதற்குப் பயந்தது, இன்னொரு தரப்பு அதை விற்றது.

மேசை வந்த காரணம் எளிது. தாள்களை வைக்க இடம் வேண்டும், மைக்கின் வயரை மறைக்க வேண்டும், கைகள் எங்கே போவது என்று தெரியாமல் தவிக்கக் கூடாது. இன்று தாளும் இல்லை, வயரும் இல்லை. டெலிபிராம்ப்டரும் வயர்லெஸ் மைக்கும் வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. மேசையை எடுக்கத்தான் மனம் வரவில்லை. எடுத்துப் பார்த்த நிலையங்கள் பலவும் சில ஆண்டுகளில் சின்னதாக ஒரு மேசையைத் திரும்பக் கொண்டுவந்தன.

கறுப்பு வெள்ளைக் காலத்தில் செட் வடிவமைப்பாளருக்கு நிறமே கிடையாது, சாம்பலின் படிகள்தான் உண்டு. நேரில் எடுப்பாகத் தெரியும் சிவப்பும் பச்சையும் கேமராவில் ஒரே சாம்பலாக வந்துவிடக்கூடும். அதனால் வண்ணத்தைக் கண்ணால் பார்த்துத் தேர்வு செய்ய முடியாது, கேமராவில் பார்த்துத்தான் தேர்வு செய்ய வேண்டும். அந்தக் காலத்து இமேஜ் ஆர்த்திகான் குழாய் கேமராக்களில், மிகப் பிரகாசமான பொருளைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம் விழும். வெள்ளைச் சட்டை போட்டால் கழுத்தைச் சுற்றி அழுக்கு போலத் தெரியும். அதனால்தான் இளநீலச் சட்டை செய்தி வாசிப்பாளரின் சீருடை ஆனது. வளையம் விழுகிற கேமரா எப்போதோ போய்விட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலும் "வெள்ளை போட்டு உட்காராதீர்கள்" என்றுதான் ஃபிளோரில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பெயர் எழுத்து திரையின் கீழே போடப்படுவதும் அந்தக் காலத்துச் சொத்து. கறுப்பு அட்டையில் வெள்ளை எழுத்து ஒட்டி, அதை ஒரு தனிக் கேமராவில் காட்டி, வாசிப்பாளரின் படத்தின் மேல் கலப்பார்கள். கறுப்பு மறைந்து வெள்ளை மட்டும் மிதக்கும். ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றுவதால் அதற்கு 'சூப்பர்' என்று பெயர் வந்தது. மேலே முகம் இருக்கிறது. கீழே கோட்டும் மார்பும், பெரும்பாலும் இருண்ட துணி. வெள்ளை எழுத்து படிக்கும்படி விழ அதைவிட நல்ல இடம் இல்லை. இன்று எழுத்துக்குப் பின்னால் எந்த வண்ணத்திலும் பட்டை போடலாம், எங்கே வேண்டுமானாலும் போடலாம். ஆனாலும் எழுத்து அந்த மார்புக்குக் கீழேயே குடியிருக்கிறது.

அப்புறம் வண்ணம் வந்தது. "எல்லாச் செய்தி செட்டும் ஏன் நீலம்?" என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு, ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அனலாக் ஒளிபரப்பில் படத்தின் ஒளிக்கும் நிறத்துக்கும் சமமான இடம் தரப்படவில்லை. அமெரிக்காவின் என்டிஎஸ்சி முறையில் ஒளிக்கு 4.2 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு இடம் உண்டு. நிறத்துக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடையாது, பல வீட்டுப் பெட்டிகள் அதையும் முழுதாகப் பயன்படுத்தவில்லை. இதனால் நிறம் எப்போதும் ஒளியைவிட மொண்ணையாகத்தான் தெரியும். அடர்ந்த நிறம் விளிம்பைத் தாண்டி வழியும், சிவப்பில் அது மிக அதிகமாகக் கண்ணில் படும். சிவப்புச் சுவரின் முன் ஒருவரை உட்காரவைத்தால் காது ஓரத்தில் சிவப்பு கசிந்துகொண்டே இருக்கும். நீலம் வழிந்தாலும் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, ஏனென்றால் நாம் உணரும் பிரகாசத்தில் நீலத்தின் பங்கு மிகச் சிறியது. பழைய தொலைக்காட்சிக் கணக்கில் பச்சைக்கு 59 சதவீதம், சிவப்புக்கு 30, நீலத்துக்கு வெறும் 11.

இரண்டாவது காரணம் மனிதத் தோல். நிறத்தை அளக்க வெக்டர்ஸ்கோப் என்று ஒரு கருவி உண்டு. வட்டமான முகப்பில் ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு திசையில் புள்ளியாக விழும். வெளுத்த தோலோ கறுத்த தோலோ, எந்த மனிதரை நிறுத்தினாலும் புள்ளிகள் கிட்டத்தட்ட ஒரே கோட்டின் மேல்தான் விழுகின்றன. ஆரஞ்சுப் பக்கமாகச் சாய்ந்த அந்தக் கோட்டை நான் முதன்முதலாகப் பார்த்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. லைட்டிங் செய்தவர் தன் கையையும் என் கையையும் கேமரா முன்னால் நீட்டிக் காட்டினார். எங்கள் இருவர் நிறமும் வேறு, கோடு ஒன்று. அந்தக் கோட்டுக்கு நேரெதிரே இருப்பது நீலம். நீலத்தின் முன்னால் எந்த முகமும் பிரிந்து தெரியும். இவை இரண்டும் அளந்து காட்டக்கூடியவை. "நீலம் நம்பிக்கையைத் தரும் நிறம்" என்று வடிவமைப்பு நிறுவனங்கள் சொல்வதை நான் அந்த வரிசையில் வைக்க மாட்டேன். அது விற்பனைப் பேச்சில் வசதியான வாதம். நீலச் செய்தித் திரையைப் பல வருடம் பார்த்துப் பழகியதால் நீலம் நம்பகமாகத் தோன்றுகிறதா, நீலம் நம்பகமாக இருந்ததால் செய்தித் திரை நீலமானதா என்று பிரிப்பது கடினம்.

கருவி எல்லாவற்றையும் முடிவு செய்துவிடவில்லை. உள்ளூர்ச் செய்தியின் உருவத்தை மாற்றிய மிகப்பெரிய மாற்றம் ஒரு தயாரிப்பாளரின் யோசனையில் வந்தது. ஃபிலடெல்ஃபியாவின் கேஒய்டபிள்யூ நிலையத்தில் 1965-இல் ஏல் ப்ரிமோ 'ஐவிட்னஸ் நியூஸ்' என்ற முறையைக் கொண்டுவந்தார். ஒருவரே எல்லாவற்றையும் வாசிப்பதை விட்டு, செய்தியைச் சேகரித்தவரே திரையில் தோன்றிச் சொல்வது அந்த முறை. 1968-இல் அவர் அதை நியூயார்க்கின் டபிள்யூஏபிசிக்குக் கொண்டுபோனார். 1970-இல் ஃபிலடெல்ஃபியாவிலேயே போட்டி நிலையம் 'ஆக்‌ஷன் நியூஸ்' என்று இன்னும் வேகமான ஒரு பாணியைத் தொடங்கியது. இந்த இரண்டு பெயர்களும் நாடு முழுக்கப் பரவின. தோற்றத்துக்கு இதனால் என்ன ஆனது என்று பாருங்கள். ஓர் ஆள் உட்கார்ந்த மேசையில் இப்போது இரண்டு வாசிப்பாளர்கள், வானிலைக்காரர், விளையாட்டுக்காரர் என நான்கு பேர் உட்கார வேண்டும். மேசை நீண்டது, வளைந்தது. ஒருவரையொருவர் பார்த்துப் பேசுவதால் பக்கவாட்டுக் கோணங்கள் வேண்டியிருந்தன. பக்கவாட்டில் கேமரா திரும்பினால் பின்னால் என்ன தெரியும் என்ற கேள்வி வந்தது. அதுவரை ஒரு சுவராக இருந்த செட், மூன்று பக்கம் சூழ்ந்த அறையானது இப்படித்தான்.

இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதிலின் முதல் பாதி இருக்கிறது. ஓர் ஊரின் உள்ளூர் நிலையம் அடுத்த ஊரின் நிலையத்தோடு போட்டி போடுவதில்லை. போட்டியெல்லாம் அதே ஊருக்குள்தான். ஆகவே ஓர் ஊரில் பலித்த பாணியை இன்னோர் ஊரில் அப்படியே விற்கலாம், யாருக்கும் நஷ்டமில்லை. 1957-இல் ஃபிராங்க் மேகிட் அயோவாவில் தொடங்கிய ஆலோசனை நிறுவனம் இதையே பெரும் தொழிலாக நடத்தியது. பார்வையாளர்களிடம் கருத்துக் கேட்டு, யாரை உட்காரவைப்பது, எப்படிப் பேசுவது, செட் எப்படி இருப்பது என்று ஊர் ஊராக ஆலோசனை சொன்னது. செட் கட்டுபவர்கள், இசை அமைப்பவர்கள், கிராஃபிக்ஸ் செய்பவர்கள் என எல்லோரும் இதே வழியில் பல ஊர்களுக்கு வேலை செய்தார்கள். ஒரே தையல்காரரிடம் நூறு ஊர்க்காரர்கள் துணி கொடுத்தால் நூறு சட்டைக்கும் ஒரே காலர்தான் வரும்.

எழுத்தின் கதைக்கு வருகிறேன், என் வேலை அதுதான். 1970-ஐ ஒட்டி அமெரிக்காவின் சிபிஎஸ் ஆய்வகங்களில் இருந்து விடிஃபாண்ட் என்ற எழுத்து இயந்திரம் வந்தது. தொடர்ந்து கைரான் நிறுவனத்தின் எழுத்து இயந்திரங்களும், இங்கிலாந்தில் ஆஸ்டன் நிறுவனத்தின் இயந்திரங்களும் வந்தன. அட்டையில் எழுத்து ஒட்டுகிற வேலை போய், தட்டச்சு செய்தால் திரையில் எழுத்து விழுகிற காலம் பிறந்தது. அமெரிக்கர்கள் இன்றும் பெயர்ப்பட்டையை 'கைரான்' என்கிறார்கள், நாங்கள் 'ஆஸ்டன்' என்கிறோம். இயந்திரங்கள் மாறி எத்தனையோ காலம் ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. 1981-இல் குவான்டெல் நிறுவனத்தின் பெயின்ட்பாக்ஸ் வந்தது. அழுத்தத்தை உணரும் பேனாவால் நேரடியாகத் தொலைக்காட்சிப் படத்தின் மேலேயே வரையலாம். வாசிப்பாளரின் தோளுக்கு மேலே தெரிகிற படப்பெட்டி, பத்திரிகை ஓவியம் போல அழகானது அதற்குப் பிறகுதான். அதே ஆண்டில் ஆம்பெக்ஸின் ஏடிஓ வந்தது. படத்தைச் சுருக்கி, சாய்த்து, முப்பரிமாணத்தில் சுழற்றிப் பறக்கவிடலாம். 80களின் பதிவுகளில் எல்லாமே பறக்கிறதே என்று கேட்டிருந்தீர்கள் அல்லவா? அதுவரை இப்படிப் பறக்கவைப்பது எளிதாக இல்லை, அந்த இயந்திரம் வந்த பிறகு எளிதானது. ஒரு வீட்டை விற்கிற விலை கொடுத்து வாங்கிய இயந்திரத்தை யாரும் சும்மா வைத்திருக்க மாட்டார்கள்.

எழுத்து ஏன் தடிமனாகவும் நேர்கோடாகவும் இருந்தது என்பதற்கு இன்னும் அழுத்தமான காரணம் உண்டு. பழைய தொலைக்காட்சி ஒரு முழுப் படத்தையும் ஒரே தடவையில் வரையாது. முதலில் ஒற்றைப்படை வரிகள், அடுத்து இரட்டைப்படை வரிகள் என்று மாற்றி மாற்றி வரையும். ஒரே ஒரு வரி உயரமுள்ள மெல்லிய கோட்டை வைத்தால் அது பாதி நேரம் இருக்கும், பாதி நேரம் இருக்காது. விநாடிக்கு 25 முறையோ 30 முறையோ துடிக்கும். அதனால் எல்லாக் கிடைக்கோடும் குறைந்தது இரண்டு வரி உயரம் இருக்க வேண்டும் என்பது எங்கள் அடிப்படை விதி. மெல்லிய வால் வைத்த எழுத்துருக்கள் செய்தியில் இல்லாமல் போனதற்கும் இதுவே காரணம்.

தமிழில் இதை நான் பட்டறிந்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒல்லியான ஒரு எழுத்துருவை எனக்குப் பிடித்துப்போய் ஆஸ்டனில் போட்டேன். என் மேசையிலிருந்த கணினித் திரையில் கண்ணாடி போலத் தெரிந்தது. ஒளிபரப்பில் புள்ளிகள் எல்லாம் நடுங்கின, சில காணாமலே போயின. 'பக்கம்' என்பதில் புள்ளி போனால் 'பககம'. ஆங்கிலத்தில் 'ஐ' எழுத்தின் மேல் புள்ளி இல்லாவிட்டாலும் வாசித்துவிடலாம், நம் புள்ளி போனால் சொல்லே போய்விடும். மூத்தவர் ஒருவர் எதுவும் திட்டாமல் ஒரு பழைய வீட்டுத் தொலைக்காட்சியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். "இதில் தெரிவதுதான் எழுத்து. மற்றதெல்லாம் உன் ஆசை" என்றார். அன்றிலிருந்து அந்தப் பெட்டியில் பார்க்காமல் எதையும் அனுப்பியதில்லை. புள்ளியைப் பெரிதாக்கினோம், 'ணி', 'ளு' போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைந்துபோகாமல் உள்ளே இடம் விட்டோம். தமிழ்ச் சொல் நீளம் என்பதால் பட்டையில் பதவியையும் பெயரையும் இரண்டு வரியாகப் பிரித்தோம். ஒருங்குறி வராத காலத்தில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு குறியாக்கம் இருந்தது. செய்தி அறையில் தட்டியது எங்கள் திரையில் சிதைந்து வரும். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று நிற்கும். மாலைச் செய்திக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது எல்லாப் பெயரையும் மறுபடி தட்டியிருக்கிறேன்.

செய்தி அறையையே செட்டாகக் காட்டுவது புதுமை என்று பலர் நினைக்கிறார்கள். அது அப்படியொன்றும் புதிதல்ல. 1963-இல் சிபிஎஸ் மாலைச் செய்தி 15 நிமிடத்திலிருந்து 30 நிமிடமானபோது வால்டர் கிராங்கைட் வேலை நடக்கும் செய்தி அறையிலிருந்தே வாசித்தார். 1980 ஜூனில் தொடங்கிய சிஎன்என், அட்லாண்டாவில் தன் செய்தி அறையைப் பின்னணியாக வைத்தது. டொராண்டோவின் சிட்டிடிவி 1987-இல் புதுக் கட்டடத்துக்குப் போனபோது வழக்கமான ஸ்டுடியோ அறைகளையே கைவிட்டு, கட்டடம் முழுவதையும் படம்பிடிக்கும் இடமாக்கியது. பார்க்க உயிரோட்டமாக இருக்கும். உள்ளே இருப்பவர்களுக்கு அது வேறு அனுபவம். பின்னால் யாராவது சாப்பிட்டால் தெரியும், தொலைபேசி அடித்தால் கேட்கும். பின்னணியில் உள்ள கணினித் திரைகளின் துடிப்பு கேமராவின் துடிப்போடு பொருந்தாவிட்டால் ஒரு கறுப்புப் பட்டை அந்தத் திரைகளில் மெதுவாக மேலே ஏறிக்கொண்டே இருக்கும். ஸ்டுடியோவின் மஞ்சள் விளக்குக்கு ஏற்பக் கேமராவைச் சரிசெய்தால் எல்லாத் திரையும் நீலம் பூத்துவிடும். நான் இருந்த ஓரிடத்தில் கடைசியில் பின்வரிசைக் கணினிகளின் மேல் ஆரஞ்சு நிற ஜெல் தாளை ஒட்டி வைத்தோம். அங்கே உட்கார்ந்து செய்தி எழுதியவர்கள் நாள் முழுக்க ஆரஞ்சுத் திரையைப் பார்த்தபடிதான் எழுதினார்கள்.

வானிலைக்குத் தனிப் பாதை உண்டு, அதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1954 ஜனவரியில் பிபிசியில் ஜார்ஜ் கௌலிங் கரியால் வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டினார். பிறகு காந்தம் ஒட்டிய சின்னங்கள் வந்தன, அவை அவ்வப்போது பலகையிலிருந்து வழுக்கி விழும். 1985-இல் கணினிப் படம் வந்தது. வானிலைக்காரர் நிற்பது வெறும் பச்சை அல்லது நீலச் சுவரின் முன்னால். அந்த நிறத்தை இயந்திரம் நீக்கிவிட்டு, அதன் இடத்தில் வரைபடத்தை வைக்கிறது. கையை எங்கே காட்டுவது என்பதைப் பக்கத்திலுள்ள மானிட்டரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார். தோலுக்கு எதிர்நிறம் என்பதால் முதலில் நீலம் அதிகம் புழங்கியது. டிஜிட்டல் கேமராக்களின் சென்சார் பச்சையைத்தான் அதிக நுணுக்கத்தோடு பதிவு செய்கிறது, பச்சையில் விளிம்பு சுத்தமாக வெட்டப்படும். ஆகவே சுவர் பச்சைக்கு மாறியது.

கீழே ஓடும் செய்தி வரி நிரந்தரமானது 2001 செப்டம்பர் 11 அன்று. ஒரே நேரத்தில் சொல்ல வேண்டியவை ஏராளமாக இருந்ததால் அமெரிக்கச் செய்தி அலைவரிசைகள் அன்று ஓடும் வரியைப் போட்டன. நெருக்கடி முடிந்தும் அதை எடுக்கவில்லை. உள்ளூர் நிலையங்கள் புயல் எச்சரிக்கைக்கும் பள்ளி விடுமுறைக்கும் இப்படிப்பட்ட வரியை முன்பே பயன்படுத்தி வந்தன. வேலை இருக்கும்போது மட்டும் வந்துபோன வரி அது. இப்போது எப்போதும் ஓடுகிறது, அதனாலேயே அவசரமானது வரும்போது அது அவசரம் என்று தெரிவதில்லை. இந்த ஒரு மாற்றத்தை நான் நல்லதாக நினைக்கவில்லை.

அடுத்த பெரிய திருப்பம் ஹெச்டி. வட கரோலினாவின் ராலேயில் உள்ள டபிள்யூஆர்ஏஎல் 2000 அக்டோபரிலேயே முழு ஹெச்டி செய்தியை ஒளிபரப்பியது. மற்றவர்கள் மெதுவாகத்தான் வந்தார்கள். 2009 ஜூன் 12-இல் அமெரிக்காவின் முழுத் திறன் நிலையங்கள் அனலாக் ஒளிபரப்பை நிறுத்தின. பழைய டிஜிட்டல் படத்தில் சுமார் 3.5 லட்சம் புள்ளிகள், ஹெச்டியில் 20 லட்சத்துக்கும் மேல். ஆறு மடங்கு. பழைய செட்கள் உண்மையில் நாடக மேடைப் பொருள்கள்தான். மரம் போல அச்சடித்த தாள், கல் போல வர்ணமடித்த தெர்மாகோல், செட்டின் இரண்டு தட்டிச் சுவர்களுக்கு நடுவே டேப். பழைய படத்தின் மங்கல் இவற்றையெல்லாம் மன்னித்தது. ஹெச்டி மன்னிக்கவில்லை. நாங்கள் முதன்முதலில் ஹெச்டி கேமராவை எங்கள் செட்டின் மேல் திருப்பிய அன்று அறையில் யாரும் பேசவில்லை. மேசை விளிம்பில் பெயர்ந்த லேமினேட், முகப்பில் திருகாணியின் தலை, கண்ணாடியில் விரல் ரேகை, எல்லாம் தெரிந்தன. உண்மையான மரமும் உண்மையான கண்ணாடியும் உலோகமும் செய்தி செட்டுக்குள் நுழைந்தது அதன் பிறகுதான்.

அதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. புதுப் படம் 16:9 அகலம், வீடுகளில் இருந்ததோ இன்னும் 4:3 பெட்டி. அந்தப் பெட்டியில் நடுவிலுள்ள முக்கால் பங்கு மட்டும் தெரியும், இரு ஓரமும் வெட்டுப்படும். அதனால் முக்கியமான எதையும் ஓரத்தில் வைக்கக் கூடாது. பல ஆண்டுகள் அகலத் திரையின் இரு ஓரத்திலும் வெறும் தூணும் விளக்கும் நிறப் பட்டையுமாக வைத்தோம். அந்தக் காலத்துப் பதிவுகளில் ஆஸ்டன் ஏன் திரையின் ஓரத்தில் தொடங்காமல் உள்ளே தள்ளித் தொடங்குகிறது என்று யோசித்திருந்தால், விடை இதுதான்.

சுவர் முழுக்கத் திரை வந்தது இதன் அடுத்த படி. எல்இடி பலகைகளின் புள்ளிகள் நெருக்கமாகி, கேமரா முன்னால் நிற்கும் தரத்துக்கு வந்த பிறகு செட் என்பது கட்டுவதிலிருந்து ஏற்றுவதாக மாறியது. காலை நிகழ்ச்சிக்கு ஒரு கோப்பு, இரவுச் செய்திக்கு ஒரு கோப்பு. தச்சர் தேவையில்லை. ஆனால் இந்தச் சுவரில் ஒரு பெரிய கவனம் வேண்டும். கேமராவின் ஃபோகஸ் சரியாகச் சுவரின் மேல் விழுந்தால், பலகையின் புள்ளிகளும் சென்சாரின் புள்ளிகளும் ஒன்றோடொன்று மோதி அலை அலையாகக் கோலம் விழும், மோரே என்போம். வாசிப்பாளரைச் சுவரிலிருந்து சில அடி முன்னால் நிறுத்தி, சுவரைச் சற்று மங்கலாக விட வேண்டும். நல்ல நிலையங்களில் பின்னணி எப்போதும் கொஞ்சம் கலங்கித் தெரிவது அழகுக்காக மட்டும் செய்தது அல்ல. வாசிப்பாளர் எழுந்து நிற்கத் தொடங்கியதும் இந்தச் சுவரால்தான். உட்கார்ந்தவரின் தலைக்குப் பின்னால் எட்டடி உயரப் படம் வீண், பக்கத்தில் நின்று காட்டினால்தான் அதற்குப் பொருள்.

இப்போது ஒரே மாதிரி இருப்பதற்கான இரண்டாம் பாதி. முன்பு பெயர்ப்பட்டை போட ஓர் ஆள் தனியாக உட்கார்ந்திருப்பார். இன்று செய்தியாளர் தன் செய்தியை எழுதும் மென்பொருளிலேயே ஆஸ்டனுக்கான பெயரையும் நிரப்புகிறார். எம்ஓஎஸ் என்ற இணைப்பு நெறி அதை ரன்டவுன், அதாவது செய்திகளின் வரிசைப் பட்டியல், வழியாகக் கிராஃபிக்ஸ் இயந்திரத்துக்கு அனுப்புகிறது. டெம்ப்ளேட்டை ஒருமுறை செய்துவிட்டால் போதும், எந்த ஊரிலிருந்தும் நிரப்பலாம். இன்னொரு பக்கம் நிலையங்களின் உரிமை சில கைகளில் குவிந்துவிட்டது. நெக்ஸ்டார் என்ற நிறுவனம் ஒன்றே 200-க்கும் மேற்பட்ட நிலையங்களைச் சொந்தமாக வைத்திருக்கிறது அல்லது நடத்துகிறது. கேனட் நிறுவனம் தன் நிலையங்களுக்கான கிராஃபிக்ஸை டென்வரில் ஒரே இடத்தில் செய்யும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. சின்ன நிலையத்துக்குக்கூடத் தரமான கிராஃபிக்ஸ் கிடைத்தது இதன் நன்மை. அந்த ஊர் ஆற்றின் வளைவையோ மலையையோ தெரிந்த ஒருவர் வரைந்த படம் இல்லாமல் போனது இழப்பு. எனக்கு அந்த இழப்பு பெரிதாகவே படுகிறது. உள்ளூர் நிலையம் என்று பெயர் வைத்துக்கொண்டு ஊரே தெரியாத திரையைக் காட்டுவதில் என்ன இருக்கிறது?

முப்பரிமாணப் படங்கள் அரங்குக்குள் இறங்குவதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2018 செப்டம்பரில் ஃபுளோரன்ஸ் புயலின்போது அமெரிக்காவின் வெதர் சேனல், கணினி விளையாட்டுகளுக்கான அன்ரியல் எஞ்சினைக் கொண்டு வெள்ளநீர் எவ்வளவு உயரும் என்று காட்டியது. பேசுகிறவரைச் சுற்றி நீர் மூன்றடி, ஆறடி, ஒன்பதடி என்று ஏறியது. 'ஒன்பதடி' என்ற எண் அதுவரை எண்ணாகத்தான் இருந்தது. அவர் தலைக்கு மேலே தண்ணீர் போனதைப் பார்த்ததும் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று யாருக்கும் புரியும். என் பார்வையில் அந்தத் தொழில்நுட்பத்தை மிகச் சரியாகப் பயன்படுத்திய இடம் அது. தேர்தல் முடிவைச் சொல்ல மெய்நிகர் கட்டடங்களை எழுப்புவது அந்த வரிசையில் வராது, ஒரு நல்ல அட்டவணை அதைவிடத் தெளிவாகச் சொல்லும்.

புது செட் வந்தால் பார்ப்பவர்கள் கூடுவார்களா என்றால், அதை உறுதியாகச் சொல்ல வழியில்லை. புது செட் தனியாக வருவதில்லை. புது வாசிப்பாளர், புது நேரம், புது விளம்பரம் எல்லாம் கூடவே வரும். எண்ணிக்கை ஏறினாலும் இறங்கினாலும் எதனால் என்று பிரித்தெடுக்க முடியாது. என் அனுபவத்தில் ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப நடந்தது. செட் மாறியதைப் பற்றி யாரும் கடிதம் எழுதுவதில்லை, எழுத்து சிறியதாகிவிட்டால் மறுநாளே எழுதுவார்கள்.

கடைசியாக, இனி என்ன வரும் என்பதற்கு இப்போதே கண்ணில் படுகிற ஒன்றைச் சொல்கிறேன். ஒளிபரப்பான செய்தியை வெட்டி நிமிர்த்திய தொலைபேசித் திரைக்கு அனுப்புவது இன்று எல்லா நிலையத்திலும் தினசரி வேலை. 16:9 படத்திலிருந்து 9:16 அளவுக்கு வெட்டினால் அகலத்தில் 32 சதவீதம்கூட மிஞ்சாது. இரண்டு வாசிப்பாளர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்த படத்தில் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்தால் கிடைப்பது அவர்களுக்கு நடுவிலுள்ள மேசை மட்டும்தான். இடப்பக்கம் தொடங்கும் ஆஸ்டனில் பெயரின் பின்பாதி மட்டும் மிஞ்சும். அதனால் பல இடங்களில் முக்கியச் செய்திக்கு ஒருவரை மட்டும் நடுவில் நிறுத்துகிறார்கள், பெயரை இரண்டு குட்டை வரிகளாக மடித்து நெஞ்சுக்கு நேராக வைக்கிறார்கள். 4:3 பெட்டிக்காக நாங்கள் ஓரத்தைக் காலியாக விட்ட அதே கணக்கு, இன்னும் குறுகலாகத் திரும்பி வந்திருக்கிறது. உங்கள் பதிவு வரிசையில் கடைசி ஆண்டுகளைப் பார்க்கும்போது வாசிப்பாளர் நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். அவர் மெதுவாக நடுவுக்கு நகர்ந்துகொண்டிருப்பது தெரியும்.